மாமா கரைசேர்த்த கப்பல்

றேடியோப் பற்றரிகளுக்கு வெயில் காட்டுவது என் வேலை. கற்பிட்டி வெயில் கருவாட்டுக்குச் செய்வதைப் பற்றரிக்கும் செய்யும் என்று எங்கள் அகதி முகாமில் எல்லோரும் நம்பினார்கள். சூடை மீன் காயும் பாயின் ஓரத்தில் அவற்றையும் படுக்கவைப்பேன்; மீனைப் புரட்டும்போது பற்றரியையும் புரட்டுவேன். அதனால் எங்கள் றேடியோவில் செய்தி வாசிப்பவர், எவ்வளவு பெரிய ஆளானாலும், கருவாட்டு மணத்தோடுதான் கொட்டிலுக்குள் வருவார்.

இயக்கம் முஸ்லிம்களை மன்னாரை விட்டுப் போகச் சொன்ன நாளில் மாமா தூக்கிக்கொண்டு வந்தது அந்த றேடியோவை மட்டும்தான். மாமா என்றால் உம்மாவின் கடைசித் தம்பி. அங்கே ஒரு தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தவர். சண்டையால் புதுப்படம் வராத நாட்களில் பழைய படங்களையே திருப்பித் திருப்பி ஓட்டினார்களாம். கதவுத் திரையைப் பிடித்தபடி அத்தனையையும் பார்த்திருக்கிறார்.

"நான் சோத்துப்பானையத் தூக்கினன், இவர் பாட்டுப்பெட்டியத் தூக்கினார்" என்று உம்மா வருகிற போகிற எல்லோரிடமும் சொல்வார். ஆனால் ஞாயிறு பின்னேரம் ஒலிச்சித்திரம் தொடங்கினால் முதலில் வந்து உட்காருவதும் உம்மாதான்.

ஒலிச்சித்திரம் என்பது ஒரு முழுப்படத்தையும் சத்தமாக மட்டும் தருவது. வசனம், பாட்டு, கதவு சாத்தும் ஓசை, நடுவில் 'அவள் ஓடுகிறாள்' என்று சொல்ல ஒரு குரல். திரை இல்லாததால் யாருடைய தலையும் யாருக்கும் மறைக்காது. முகங்களை நாங்களே ஒட்டிக்கொள்ள வேண்டும். வில்லனுக்கு நான் எங்களுக்கு அரிசி அளக்கும் சங்கக்கடை மனேஜரின் முகத்தை வைத்திருந்தேன். கதாநாயகி எப்போதும் எங்கள் சாச்சி.

சாச்சி உம்மாவின் தங்கை, மாமாவுக்கு மூத்தவர். அவருடைய மாப்பிள்ளை, எங்கள் சாச்சா, குவைத்தில் லொறி ஓட்டினார். அங்கேயும் யுத்தம் வந்துவிட்டது. அவர் கடிதம் போட்டிருந்தாலும் அது யாருமில்லாத மன்னார் வீட்டுக்குத்தான் போயிருக்கும். சாச்சி அழவில்லை, அதுதான் உம்மாவுக்குப் பயம். சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழும்புவார்.

அந்த ஞாயிறு போனது மிகப் பழைய படம். பிழைக்கச் சிங்கப்பூர் போனவன், அங்கே ஜப்பான்காரனின் குண்டு, துறைமுகத்தில் காத்திருக்கும் மனைவி. தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மாமா நெளிந்தார்.

"இது ஒரே இரைச்சல். வேற ஸ்டேசன் போடுவமா?"

"கைய எடு. நீயென்ன சென்சர் போர்டா?" என்றது கூட்டம்.

"இருக்கட்டும் தம்பி" என்றார் சாச்சி.

கடைசியில் கப்பல் ஊதியது. அவள் ஓடுகிறாள் என்றது குரல். ஏரியலைச் சரிசெய்யவென்று மாமா றேடியோவின் மேல் குனிந்தார். எல்லாம் நின்றுபோனது, கடல்கூட.

"பற்றரி செத்துட்டு" என்று நிமிர்ந்தார். "இவள் ஒழுங்காக் காயவெக்கல்ல."

முகாமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நாளெல்லாம் காய்ந்த பற்றரி. எனக்கு அழுகை முட்டியது. அதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை.

"தியேட்டர்காரன்தானே, மிச்சத்த நீ சொல்லு" என்றார்கள் மாமாவிடம்.

மாமா சொன்னார். கப்பலைக் கரைக்குக் கொண்டுவரவே அத்தனை நேரம் எடுத்தார். பிறகு ஒவ்வோர் ஆளாக இறக்கினார்: கிளிக்கூட்டோடு ஒரு டாக்டரம்மா, குடையோடு ஒரு கங்காணி, தும்மிக்கொண்டே ஒரு வெள்ளைக்காரன். இறங்கவேண்டியவன் மட்டும் இறங்கவில்லை. அதற்குமேல் மாமாவுக்கு ஆள் கிடைக்கவில்லை.

"எல்லாரும் எறங்கியாச்சா?" என்று கேட்டார் சாச்சி.

"இல்ல லாத்தா, இன்னும் ஆள் இருக்கு. அந்தா வாறார். தாடி. அதுதான் அவ மட்டுப்பிடிக்கல்ல."

"மெலிஞ்சிருக்காரா?"

"கொஞ்சம். சாப்பிட்டாச் சரியாகும்."

"என்ன சாப்பிடுறார்?"

மாமா தடுமாறினார். "புட்டு. மீன் ஆணம்."

"வெள்ளைக்காரன்ட கப்பல்ல புட்டு அவிச்சது யாரு?"

"அது கங்காணிட வேல" என்றார் மாமா. சாச்சி சிரித்தார். எத்தனையோ காலத்துக்குப் பின் வந்த சிரிப்பு, இருமல்போல் இடறி இடறி வந்தது. அன்று சோற்றுக்கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.

மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு அதே றேடியோ கணீரென்று செய்தி வாசித்தது. "பாருங்க, பற்றரிக்கு உசிர் இருக்கு" என்று எழும்பினேன். உம்மா தொடையில் கிள்ளினார்.

"சில பற்றரிக்கு வெயில் பிந்தித்தான் ஏறும்" என்றார் மாமா.

சாச்சா கப்பலில் வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் கருவாடு ஏற்ற வந்த லொறியின் முன்சீற்றிலிருந்து, மழுங்கச் சிரைத்த முகத்தோடு, முன்னையைவிடப் பருத்து இறங்கினார். தாடியில்லையே என்று எனக்குத்தான் கவலை.

இருபது வருடத்துக்கும் மேலாகி, எங்கள் யுத்தமும் முடிந்தபின் ஒரு வான் வண்டி பிடித்து மன்னாருக்குப் போனோம். தியேட்டர் இருந்த இடத்தில் ஒரு சுவரும் அதன் நிழலில் ஆடுகளும். சாச்சா பின்சீற்றில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை நான் அண்மையில் தொலைபேசியில் தேடிப் பார்த்திருந்தேன். அவன் வருவதேயில்லை, கிளி, குடை, தும்மல் ஒன்றும் அதில் கிடையாது. இதைச் சாச்சியிடம் சொல்லலாமா என்று வெகுநேரம் தயங்கிச் சொன்னேன். மாமா பற்றரியைத் தளர்த்தியதையும் சொன்னேன்.

"தெரியும்" என்றார் சாச்சி. "கலியாணம் முடிச்ச புதுசுல இவரோட வந்து இதுக்குள்ளதான் பார்த்த. டிக்கெட் கிழிச்சது அவன். அவனுக்கு மறந்துபோச்சு."

"பிறகேன் அவ்வளவு கேள்வி கேட்டீங்க?"

"கேக்காட்டி அவன் எப்படி முடிக்கிற? கிளியையும் கங்காணியையும் எறக்கிப்போட்டு முழிச்சிட்டு நிக்கிறான். கையெல்லாம் நடுங்குது. பத்தொன்பது வயசுப் புள்ள."

எனக்கு அன்று மாமா பெரிய மனிதர். நான் சாச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவின் கைகளைப் பார்க்கவில்லை.