எர்த் மாட்டியாச்சு என்றார்

நானும் என் கணவரும் சாக்கோட்டைக்குப் பக்கத்தில் எல்இடி விளக்குக்குக் கரண்டை அளவாகக் கொடுக்கும் டிரைவர் என்ற சர்க்யூட் செய்கிறோம். அது மின்கம்பியில் திருப்பி அனுப்பும் மின் இரைச்சலை அளக்க, மதுரையிலிருந்து லிஸ்ன் என்ற உலோகப் பெட்டியை வாடகைக்கு எடுத்திருந்தோம். எர்த் கொடுக்காமல் கரண்ட் போட்டால் பெட்டியே ஷாக் அடிக்கும். எர்த் கொடுத்தாலோ, கரண்ட் கசிந்தால் தானே அணையும் எங்கள் டிரிப்பர் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தது. மறுநாள் பெட்டியைத் திருப்பித் தர வேண்டும். அவருக்குப் பொறுமை போய்விட்டது.

நான் டீ குடித்துவிட்டு வந்தபோது டிரிப்பர் விழாமல் நின்றது.

“எர்த் மாட்டியிருக்கீகள்ல?” என்று கேட்டேன்.

“மாட்டியாச்சு. நச்சரிக்காம ரீடிங்கை எடு.”

கேபிளைச் சொருகப் பெட்டியில் கை வைத்தேன். தூக்கி அடித்தது. டிரிப்பர் விழுந்ததால் உயிர் தப்பினேன். சுவரில் மோதி முழங்கை உடைந்தது. அலறினேன். ஓடி வந்தவர் நேராகப் பெட்டியிடம் போனார்.

“ஐயோ, பெட்டிக்கு ஒண்ணும் ஆகலயே!”

தரையில் கிடந்த எனக்கு, மேசைக்கடியில் அவர் கழற்றிப் போட்டிருந்த எர்த் கம்பி தெரிந்தது.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், “ஈரக் கையோட தொட்டுட்டா சார், சொன்னாக் கேக்க மாட்டா” என்றார்.

“என் கை காஞ்சுதான் இருந்துச்சு. எர்த்தைக் கழட்டுனது இவுகதான்” என்றேன்.

வெளியே வந்ததும், “மானத்த வாங்கிட்டியேடி” என்று கத்தினார்.

என்னைக் கொல்ல நினைத்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். எனக்கு ஏதாவது ஆகலாம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. எலும்பு கூடிவிட்டது. அவருக்குச் சோறு போடும்போது இன்றும் அவர் முதலில் பெட்டியிடம் போனதுதான் நினைவுக்கு வருகிறது.