கிரேத்தம்மாவின் வலது கால்

காலையில் முதல் ஹயருக்கு ஆளை ஏற்றிக்கொண்டு பண்டாரவளைப் பக்கம் இறங்கும் லூக்காஸ், வளைவில் இருக்கும் போலீஸ் செக்பொயின்ட்டில் யாரும் கை காட்டாமலே ஆட்டோவை ஓரங்கட்டுவார். இன்ஜினை நிறுத்தமாட்டார். தலையை மட்டும் வெளியே நீட்டி, "இன்னைக்குக் கொஞ்சம் தேவல, மாத்தயா. சுவரப் புடிக்காம நடக்குறாங்களாம்" என்று சிங்களத்தில் சொல்வார். சார்ஜன்ட் ஜயசுந்தர வேலையை விட்டுவிட்டு வந்து கேட்பார். "வீக்கம்?" "வீக்கம் வத்திருச்சு." "வலி?" "குளிருக்கு மட்டும் வருதாம்." சார்ஜன்ட் திருப்தியோடு தலையை ஆட்டுவார், ஆட்டோ புறப்படும்.

பேச்சு கிரேத்தம்மாவின் வலது காலைப் பற்றியது. கிரேத்தம்மா டென்மார்க்கில் இருக்கிறார். அந்தக் காலுக்கு எந்தக் காலத்திலும் எந்த நோயும் வந்ததில்லை. இது லூக்காஸுக்குத் தெரியும், அவர் மனைவி அகஸ்டினாவுக்குத் தெரியும், மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் சுவாமியாருக்கும் தெரியும். சார்ஜன்டுக்கு மட்டும் தெரியாது.

லூக்காஸுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையில் ஒரு வீடு, ஸ்டேஷன் வாசலில் பிழைப்பு. கழுத்தில் எப்போதும் ஒரு சாம்பல் நிற மப்ளர். அதை அவர் அவிழ்த்து யாரும் பார்த்ததில்லை. ரயில் வந்து நின்றதும் மற்ற ஆட்டோக்காரர்கள் பெட்டி படுக்கைகளைப் பார்த்து ஓடுவார்கள். லூக்காஸ் நின்ற இடத்திலேயே நின்று, இறங்குகிற வெளிநாட்டவர்களின் கைகளையும் கால்களையும் பார்ப்பார். முகத்தைப் பார்ப்பதில்லை. "மூஞ்சியப் பாத்து என்னங்க செய்ய? கேஸ் வர்றது கையிலயும் கால்லயும்தான்" என்பது அவர் கட்சி.

இந்தக் கட்சிக்கு அவர் வந்துசேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் அவர் ஆட்டோவில் வந்த ஒரு இளைஞனின் தோளில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்தது. பக்தியாகத்தான் குத்தியிருந்தான். புத்தரை உடம்பில் குத்திக்கொள்வதை இந்த நாட்டில் அவமதிப்புக் குற்றமாக எடுத்துக்கொள்வார்கள் என்று அவனுக்கு அவன் ஊரில் யாரும் சொல்லவில்லை. தேநீர்க்கடையில் சட்டையைக் கழற்றினான், போலீஸ் வந்தது, அவனை விமானத்தில் ஏற்றி அனுப்பிய பிறகும் லூக்காஸ் சாட்சியாக அலைந்தார். "அவன் ஊருக்குப் போயிட்டான். நாந்தாங்க வாய்தாவுக்குப் போய்க்கிட்டே இருந்தேன்."

அதிலிருந்து ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் பிளாஸ்டர், பண்டேஜ் சுருள், ஊசி, அகஸ்டினாவின் பழைய சேலைத் துண்டுகள். வெறும் தோளோடு வருகிறவர்கள் சேலைத் துண்டோடு இறங்குவார்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கப் போகிறவர்களைத் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவார். அனுமதி இல்லாமல் டிரோன் விடப் போகிறவர்களிடம் பாட்டரி செத்துவிட்டதாகச் சொல்லிப் பார்ப்பார். அவர்கள் எடுத்துப் பார்த்தால் பாட்டரி நன்றாகத்தான் இருக்கும்.

ஆட்டோவை வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டுகிறவர்களைக் கண்டால் தன் ஆட்டோவை ஓரங்கட்டி நிறுத்திவிடுவார். உள்ளூர் லைசன்ஸ் எடுக்காமல் அப்படி ஓட்டிய ஒரு பையன் ஹல்துமுல்லையில் ஒரு மாட்டை இடித்துவிட்டான். பாஸ்போர்ட்டைப் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது. லூக்காஸ் இதை எல்லோரிடமும் சொல்வார்: "மாடு அன்னைக்கே எந்திரிச்சுப் போயிருச்சுங்க. வெள்ளக்காரந்தான் மூணு மாசமா போக முடியல."

கிரேத்தம்மா சென்ற வருடம் மாசி மாதம் வந்தார். அறுபது தாண்டிய பெண். முழங்காலோடு நிற்கும் கால்சட்டை. வலது கெண்டைக்காலில், கண் மூடித் தியானத்தில் இருக்கும் புத்தர். நல்ல கைகாரன் குத்தியது. கண் இமைகூடத் தெரிந்தது. லூக்காஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் கழுத்து மப்ளரையே அவிழ்க்கப் போனார். பிறகு பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது.

"மேடம், கவர். பிளீஸ், கவர்."

கிரேத்தம்மா மூடவில்லை. பதுளை விகாரைக்குப் போக வேண்டும் என்றார். அன்று அவர் கணவர் இறந்த நாள். கணவர் போன பிறகு தூக்கம் இல்லாமல் கிடந்த தன்னைத் தியானம்தான் மனுஷியாக்கியது என்றார். அவர் தன் ஊரில் தபால்காரியாக இருந்தவர். வாழ்நாள் முழுக்கப் பனியில் நடந்து கடிதம் கொடுத்தவர். காலைத் தட்டிக் காட்டி, என் உடம்பிலேயே உழைத்தது இதுதான், அதனால் புத்தரை இங்கே வைத்தேன் என்றார். லூக்காஸின் இங்கிலீஷுக்கு இதில் பாதிதான் எட்டியது. ஆனால் பாதியிலேயே விஷயம் விளங்கிவிட்டது. அவருக்கு அந்த அம்மாள்மேல் பெரிய இரக்கம் வந்தது.

"மேடம், எங்க ஊர்ல தெரியாம ஒருத்தர் மேல கால் பட்டாலே தொட்டுக் கும்புடுவோம்" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லி, தன் காலை ஆட்டோவில் இடித்து, தொட்டுக் கண்ணில் ஒற்றியும் காட்டினார். கிரேத்தம்மா குனிந்து தன் கெண்டைக்காலைப் பார்த்தார். பிறகு காலை நீட்டினார்.

பண்டேஜ் கட்டியதோடு லூக்காஸ் நிறுத்தியிருக்கலாம். கட்டிய காலோடு அந்த அம்மாள் பட்டாளத்துக்காரர் மாதிரி விறைப்பாக நடந்துபோனதைப் பார்த்ததும் அவருக்குள் இருந்த கலைஞர் விழித்துக்கொண்டார். இவ்வளவு பெரிய கட்டுப் போட்டவர் இப்படி நடந்தால் யார் நம்புவார்கள்? "மேடம், கொஞ்சம் நொண்டுங்க." நடித்துக் காட்டினார். கிரேத்தம்மா சிரித்தார், பொய் எனக்கு வராது என்றார். லூக்காஸ் கையெடுத்துக் கும்பிட்ட பிறகு, விகாரை வாசல் வரைக்கும் மட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

வளைவில் அன்று எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். பொய் வராது என்ற கிரேத்தம்மா இறங்கி நொண்டிய நொண்டலில் அவர் கால் உண்மையாகவே போய்விட்டதோ என்று லூக்காஸுக்கே சந்தேகம் வந்தது. சார்ஜன்ட் ஜயசுந்தர தங்கமான மனிதர். அவருடைய தாயாரும் கால் வலியோடு கிடக்கிறவர். வயதான ஒரு வெளிநாட்டுப் பெண் இந்தக் கோலத்தில் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பாஸ்போர்ட்டைக்கூடக் கேட்காமல், தானே ஏறி அருகில் உட்கார்ந்து, "நேரா ஆஸ்பத்திரிக்கு விடு" என்றார்.

வாகனம் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து லூக்காஸ் அவ்வளவு மெதுவாக ஓட்டியதில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

மருந்து கட்டும் அறையில் டிலக்ஷி என்ற நர்ஸ் இருந்தாள், தோட்டத்துப் பிள்ளை. சார்ஜன்ட் மரியாதையாகத் திரைக்கு வெளியே நின்றுகொண்டார். டிலக்ஷி பண்டேஜைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். கடைசிச் சுற்று விழுந்ததும் கை நின்றது. கிரேத்தம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே, என்னது இது?" குரல் தமிழில், காற்றாக வந்தது.

"கும்புடத்தாம்மா போறாங்க. சத்தியமா. புருஷன் செத்த நாளு."

"வெளிய யாரு நிக்கிறாங்கன்னு தெரியுதா ஒங்களுக்கு?"

"தெரியும்மா. அவருதான் கூட்டிக்கிட்டு வந்தாரு."

டிலக்ஷி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு புதிய பண்டேஜை எடுத்து, கெண்டைக்காலிலிருந்து பாதம் வரை கட்டினாள். லூக்காஸ் கட்டியதைவிட அழகாக இருந்தது. திரைக்கு வெளியே கேட்கும்படி சிங்களத்தில், "சுளுக்கு. கொஞ்ச நாளைக்கு அவிழ்க்கவே கூடாது. லேசில் ஆறாது" என்றாள். லூக்காஸுக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது.

சார்ஜன்ட் ஆஸ்பத்திரியிலிருந்தே வேலைக்குத் திரும்பிவிட, கிரேத்தம்மா விகாரையில் பூ வைத்துக் கும்பிட்டார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வரும்போது முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அதே தெளிவில் நொண்டுவதையும் மறந்துவிட்டு, படிகளில் தடதடவென்று இறங்கி வந்தார். லூக்காஸ் ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். மறுநாள் வளைவில் சார்ஜன்ட் கை காட்டி நிறுத்தினார். கையில் ஒரு போத்தல். தாயார் பூசும் எண்ணெய். "அந்த நோனாவுக்குக் கொடு. எப்படி இருக்கிறது கால்?" கிரேத்தம்மா அப்போது கொழும்பு ரயிலில் இருந்தார். ஒரே நாளில் சுகமாகிவிட்டது என்றால் நர்ஸ் பிள்ளை மாட்டிக்கொள்வாள். "வீக்கம் இருக்கு, மாத்தயா" என்று சொல்லிவிட்டார். அடுத்த நாளும் கேள்வி வந்தது; நோனா ஊருக்குப் போய்விட்டார், போனில் சேதி சொல்கிறார் என்ற பிறகும் நிற்கவில்லை. பௌர்ணமிப் போயா தினத்தில் சார்ஜன்டின் தாயார் அந்தக் காலுக்காக விளக்கு வைத்ததாகத் தெரிந்தது. அதன் பிறகு சட்டென்று குணப்படுத்த லூக்காஸுக்கு மனம் வரவில்லை.

"ஒரு பொய்யச் சொன்னமா, வந்தமான்னு இருக்கணும். நீங்க அதுக்குப் பால் குடுத்து வளக்கிறீங்க" என்கிறார் அகஸ்டினா. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியார் இப்போது முதல் கேள்வியாகவே, "அந்தக் கால் இன்னும் ஆறலையா?" என்று கேட்கிறாராம். எண்ணெயை வீணாக்க முடியாமல் லூக்காஸ் தன் முழங்காலில் பூசினார். வருடக்கணக்காக இருந்த வலி போன இடம் தெரியவில்லை. "எண்ணெய் நல்லா வேல செய்யுது, மாத்தயா" என்று சார்ஜன்டிடம் சொன்னார். அவர் சொன்னதிலேயே முழு உண்மை அது ஒன்றுதான்.

உள்ளே வேறொன்றும் இருந்தது. வாலிப வயதில், யுத்த காலத்தில், லூக்காஸ் செக்பொயின்ட் என்றால் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவர். பெயரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள். சுகம் கேட்டதில்லை. இப்போது சார்ஜன்ட் அவரை "லூக்காஸ் அய்யே" என்று அண்ணன் முறை வைத்து அழைக்கிறார். அகஸ்டினாவுக்குக் காய்ச்சல் என்றபோது கொத்தமல்லி கொடுத்துவிட்டார். ஒரு பொய்க் காலின்மேல் நிற்கிற உறவு என்று லூக்காஸுக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் காலை அவரால் விட முடியவில்லை.

இந்த வருடமும் மாசி வந்தது. புதன்கிழமை வருவதாகக் கிரேத்தம்மா போனில் செய்தி அனுப்பினார். சொல்வதற்கு உண்மையான செய்தி ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் லூக்காஸ் அதை வளைவில் போய்ச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் விளைவு உறைத்தது. கால் வெளியே தெரிந்தால் அந்த அம்மாளுக்குக் கேஸ். நர்ஸ் பிள்ளைக்கு விசாரணை. 'லூக்காஸ் அய்யே' அத்தோடு சரி. நீளக் கால்சட்டை போட்டு வரும்படி செய்தி அனுப்பினார். நொண்டச் சொல்லியும் எழுதப் போனவரை அகஸ்டினா தடுத்தார்: "போன்ல பொய்ய எழுதி வக்காதீங்க. எறங்குனதும் காதுல சொல்லுங்க." அதுவும் சரிதான் என்று பட்டது.

புதன்கிழமை ஸ்டேஷன் மேடையில் லூக்காஸ் முன்கூட்டியே போய் நின்றார். ரயில் சத்தம் கேட்கும்போது தோளில் ஒரு கை விழுந்தது. சார்ஜன்ட் ஜயசுந்தர, லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கையில் புதிய எண்ணெய்ப் போத்தல். "நடக்கச் சிரமப்படுவாங்க. ரெண்டு பேரா பிடிச்சு இறக்குவோம்" என்றார்.

ரயில் நின்றது. பெட்டிக் கதவில் கிரேத்தம்மா. கணுக்கால் வரை வெள்ளைக் கால்சட்டை. லூக்காஸ் வழக்கம்போல முகத்தைப் பார்க்கவில்லை. இடது கால் படியில் இறங்கியது, திடமாக. பிறகு தரையில் இறங்கியது. வலது கால் மேலேயே கொஞ்சம் நின்றது. அது விறைப்பாக, தபால்காரியின் காலாக இறங்கப்போகிறது என்று அவர் நினைத்தார். மப்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வலது கால் மெதுவாக வந்து, தரையைத் தொட்டு, சுருண்டு, வலியில் உதறி, மறுபடி தொட்டது. கிரேத்தம்மா கதவுக் கம்பியைப் பிடித்துச் சமாளித்து, பிறகு சார்ஜன்டை நோக்கி நொண்டி நொண்டி வந்தார். சென்ற வருடத்தைவிட நன்றாக இருந்தது. "ஐயோ, நோனா!" என்று சார்ஜன்ட் போத்தலோடு ஓடினார்.

லூக்காஸ் கழுத்திலிருந்த மப்ளரை முதல்முறையாக அவிழ்த்தார். அவசரமாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, அப்புத்தளையின் அந்தக் குளிரில், இல்லாத வியர்வையை நெற்றியிலிருந்து துடைத்தார்.