மாவு மில்லில் தேர்வான சிப்

வத்தல் நெடி...

பக்கத்து மாவு மில்லில் விளாத்திகுளத்து மிளகாய் வத்தலை அரைக்க ஆரம்பித்தால், எங்கள் பட்டறையில் ஒருவர் பாக்கியில்லாமல் தும்முவோம். தும்மலுக்கு நடுவில்தான் சாலிடரிங்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். கோவில்பட்டியில் ஜெபராஜ் அண்ணாச்சி நடத்திய சின்ன எலக்ட்ரானிக்ஸ் பட்டறை அது. பாலிடெக்னிக் முடித்த கையோடு நான் அங்கே சேர்ந்திருந்தேன்.

ஒரு தீப்பெட்டி ஆபீசிலிருந்து, அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து, ஆர்டர் வந்தது. குச்சி முக்குகிற மெழுகுக் கொப்பரைக்கு டெம்பரேச்சர் கன்ட்ரோலர். சூடு ஏறினால் ஹீட்டரைத் தானாக அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால்... தீப்பெட்டி ஆபீசில் தீ என்றால் என்னவென்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

எந்த சிப் போடுவது என்பதில்தான் தகராறு. அண்ணாச்சிக்கு 8051 என்கிற பழகிய சிப். கண்ணைக் கட்டிவிட்டாலும் அதில் புரோகிராம் எழுதுவார். எனக்கு எங்கள் பட்டறைக்குப் புதிதான பிக் என்கிற சிப். வேகத்திலும் மெமரியிலும் எங்கள் வேலைக்கு இரண்டுமே தாராளம். ஆனால் வோல்டேஜ் இறங்கினால் பிக் தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டு முதலிலிருந்து ஓடும் என்று அதன் விவரத்தாளான டேட்டாஷீட்டில் ஒரு வரி இருந்தது. 8051-க்கு அதை வெளியே தனி சர்க்யூட்டாகச் சேர்க்க வேண்டும், நாங்கள் சேர்க்கிற வழக்கமில்லை. எங்கள் ஊர் கரண்டோ, போவதைவிட இறங்குவதுதான் அதிகம்.

"ஊரே போடுத சிப்ப விட்டுட்டு ஏம்மா புதுசத் தேடுத? ஆழம் தெரியாம கால விடாத," என்றார்.

"அந்தக் கொப்பரைக்கு அடுத்த ரூம்லதான் எங்கம்மா குச்சி அடுக்குதா அண்ணாச்சி," என்றேன்.

இரண்டு சிப்பிலும் ஒவ்வொரு போர்டு செய்து சோதித்துவிடுவோம் என்றார்.

இரண்டு போர்டையும் தூக்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போனோம்; மோட்டார் கிளம்பும்போது அங்கே வோல்டேஜ் இறங்கும். ஹீட்டருக்குப் பதில் ஆளுக்கொரு பல்பு. மில்காரர் மோட்டாரைப் போட்டதும் விளக்கெல்லாம் மங்கி எழுந்தன. 8051 போர்டு அப்படியே நின்றுவிட்டது... சென்சாரை வெந்நீரில் முக்கியும் பல்பு அணையவில்லை. பிக் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, வெந்நீர் பட்டதும் பல்பை அணைத்தது. மோட்டாரைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். 8051 எல்லாத் தடவையும் நிற்கவில்லை. ஆனால் பயப்படுகிற அளவுக்கு நின்றது.

அண்ணாச்சி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உன் சிப்பையே போடுவோம். புரோகிராம நீயே எழுது. அங்க வேல பாக்குத அவியளுக்கெல்லாம் நீதான் பொறுப்பு."

எழுதினேன். சிப் மேல் சந்தேகமில்லை, என் புரோகிராம் மேல்தான் பயம். அம்மா வேலையை விட்டு நிற்கும்வரை அந்தக் கொப்பரை சண்டித்தனம் செய்ததேயில்லை.

இப்போது பெங்களூரில் இருக்கிறேன். சிப் தேர்ந்தெடுப்பது ஸ்க்ரீனில் நாலு பில்டரைத் தட்டுகிற வேலை. வோல்டேஜ் இறங்கினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை... தானே ரீசெட் ஆகிற வசதி இல்லாத சிப்பை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். நல்ல காலம்தான், குறை சொல்லவில்லை.

ஆனால் நான் தேர்ந்தெடுக்கிற சிப் எந்த ஊரில், யார் பக்கத்தில் ஓடப் போகிறது என்று எனக்குத் தெரிவதில்லை. அன்றைக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பயமும் பெருமையும் சேர்ந்து இதுவரை எனக்கு இன்னொரு முறை கிடைக்கவில்லை.