வரிசையில் சொன்ன பொய்

அக்கா திருச்சியில்தான் காலேஜ் படித்தாள். கல்யாணமாகிச் சென்னைக்குப் போன பிறகும், ஏதாவது சாக்குச் சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவாள். மலைக்கோட்டை ஏறி, ஸ்ரீரங்கம் போய், காவேரிப் பாலத்தில் நின்று காற்று வாங்காவிட்டால் அவளுக்கு அந்த வருஷம் கழிந்ததாகவே கணக்கில்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடிந்ததும் அவள் ஆசைப்பட்டது திருச்சிக்குத்தான். கூட்டம் குறையட்டுமே என்று சொல்லிப் பார்த்தேன். அத்தானுக்கு மே மாதம்தான் லீவு கிடைத்தது. மூன்று பேருமாகப் புறப்பட்டோம்.

ஸ்ரீரங்கத்தில் இலவச தரிசன வரிசை கம்பிகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து போயிற்று. பள்ளிக்கூட லீவு. ஊர் ஊராக வேன் பிடித்து வந்திருந்தார்கள். யாருடைய வேர்வை யார் மேல் என்று தெரியவில்லை. அத்தான் எங்களுக்கு முன்னால் நின்று காலையிலிருந்தே சிடுசிடுத்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு முசிறிக்காரப் பெண் ஒருத்தி. அக்காவின் தலையைப் பார்த்தாள்.

"சமயபுரத்துல மொட்டை போட்டீங்களாக்கா? என்ன வேண்டுதல்?"

அக்கா கொஞ்சமும் தயங்கவில்லை. "என் பொண்ணுக்குப் பிரசவம் நல்லபடியா ஆகணும்னு வேண்டிக்கிட்டேன். ஆயிடுச்சுங்க."

அக்காவுக்குக் குழந்தையே கிடையாது.

"நல்ல கை உங்களுது. இவளைக் கொஞ்சம் வாங்கிக்குங்க" என்று அவள் குழந்தையைக் கொடுத்தாள். அக்கா அதன் கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தம் கொடுத்தாள். ஊசி குத்திக் கறுத்துப்போன அந்தக் கையில் குழந்தை சமத்தாக இருந்தது. அப்படி ஒரு முகத்தை அவளிடம் நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

அத்தான் திரும்பினார்.

"யாரு பொண்ணு? இவளுக்கு ஏதும்மா புள்ள? வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கேன்சர். மருந்துல கொட்டுன முடி."

அந்தப் பெண் குழந்தையைப் பிடுங்கினாள். முந்தானையைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்து, அக்கா முத்தமிட்ட கன்னத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். குழந்தை வீறிட்டது. முன்னாலும் பின்னாலும் தலைகள் திரும்பின.

கம்பி வரிசையிலிருந்து வெளியே போக வழியில்லை. அதன் பிறகும் வெகுநேரம் அந்தப் பெண்ணின் மூச்சு எங்கள் முதுகில் பட, அப்படியே நகர்ந்தோம். சந்நிதியில், "நகருங்க, நகருங்க" என்று தள்ளிவிட்டார்கள். பெருமாளின் திருவடி மட்டும் எனக்குத் தெரிந்தது. அக்கா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

வெளியே வந்ததும், "ஏன் அத்தான் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கோயிலுக்குள்ள நின்னு பொய் சொல்றா. பாவம் இல்லையா?" என்றார்.

சாப்பாட்டுக் கடையிலும் அதே கூட்டம். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு ஒரே மேஜையில் உட்கார வைத்தார்கள். அத்தான் ரசத்துக்கு வந்திருந்தார். எதிரே இருந்த பெரியவர் பேச்சுக்கு, "உங்களுக்கு எத்தனை பசங்க?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றாள் அக்கா. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "குறை இவருகிட்ட. டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. இவங்க வீட்டுல என்னைத்தான் மலடின்னு பேசுனாங்க. நானும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டிட்டு இருந்தேன். பொய் சொன்னா பாவம்னு இன்னைக்குத்தான் இவரு சொன்னாரு."

எனக்கே அது அன்றுதான் தெரியும். பெரியவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவருடைய மருமகள் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் இருமினாள். அத்தானின் கை பிசைந்த சோற்றிலேயே நின்றது. காது மடல்வரை சிவந்து, என்னைப் பார்த்தார். நான் மறுத்துச் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். சோற்றை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினேன்.

"மோர் ஊத்தவா சார்?" என்றார் பரிமாறுகிறவர். அத்தான் இலையை மூடினார்.

அக்கா இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கி, நிதானமாகச் சாப்பிட்டாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் ஒரே ஒரு சீட்தான் காலியாக இருந்தது. அவர்கள் இருவரும் அதில் ஒட்டி உட்கார்ந்தார்கள்.