செருப்பு வைத்த பாறை

ஞாயிறு பூசை முடிந்தால் எங்கள் ஐறீன் அக்கா கொட்டாஞ்சேனையில் நிற்கமாட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு வெள்ளவத்தைக் கடற்கரைக்கு பஸ் ஏறிவிடுவார். தண்டவாளத்தைக் கடந்து, எப்போதும் அதே பாறையில் செருப்பையும் கைப்பையையும் வைத்துவிட்டு, முழங்கால் நனைய நடப்பார். நான் கரையில் குடையோடு நிற்பேன். எனக்கு அலை என்றால் பயம். திரும்பி வந்தால் செருப்பு வைத்த இடத்திலேயே இருக்கும்.

துறைமுகத்தில் டைப்பிஸ்ட் வேலையிலிருந்து அக்கா ஓய்வு பெற்றதும், மகன் றேமண்ட் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டான். "போறன். ஆனா என்னைத் தனியா உலாவ விடோணும். இல்லாட்டி திரும்பி வந்திடுவன்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார். உண்மையைச் சொன்னால், திரும்பி வரவேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். வீட்டில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அவன் வீட்டுக்குப் பக்கத்துக் கடல் விசித்திரமானது. நாளைக்கு இரண்டு தரம் தண்ணீர் வற்றி, திரும்ப ஏறும். வற்றினால் சிவப்பு மண் தரையே வெளியே வந்துவிடும். தலையில் மரம் முளைத்த பாறைகளுக்கு நடுவே நடக்கலாம். அக்காவுக்குத் தலைகால் தெரியாத புளுகம், அப்படியொரு சந்தோஷம். கரையிலிருந்து படியால் இறங்கி, சப்பாத்தைக் கழற்றி ஒரு பாறையில் வைத்துவிட்டு நடந்திருக்கிறார். திரும்பிப் பார்த்தால் தண்ணீர் ஏறிப் பாறையையே காணவில்லை. மாதாவே! இடுப்பளவு தண்ணீரில் தத்தளித்துப் படியைப் பிடித்தாராம்.

றேமண்ட் எனக்குப் போன் எடுத்தான். "சின்னம்மா, இனி அம்மாவைத் தனியா விடேலாது. நீங்களாவது சொல்லுங்கோ."

"போனை அவவிட்ட குடு." எனக்கு வந்த கோபம்! "உங்களுக்கென்ன விசரோ அக்கா? வெளிக்கிட்டு வாங்கோ இங்க!"

அக்கா சிரித்தார். "கத்தாதை மாக்ரெட். தண்ணி ஏறுற நேரம், இறங்குற நேரம் எல்லாம் படியடிப் போர்ட்டில எழுதிப் போட்டிருக்கினம். நான்தான் பார்க்கேல்ல. எங்கட பஸ்ஸே நேரத்துக்கு வாறதில்ல, இங்க கடல் வருதடி! நாளைக்கும் போறன்."

போனார். றேமண்ட் பயந்துபோய்ப் பின்னால் ஓடியிருக்கிறான். அத்தனை வருஷம் அங்கே இருந்தும் அவன் ஒருநாளும் கீழே இறங்கியதில்லை. அக்கா படியடியில் நின்று மணிக்கூட்டைப் பார்த்து, "இறங்கு மகன், இன்னும் நேரம் கிடக்கு," என்றாராம். தண்ணீர் வருமுன் நேரத்துக்கு அவனைப் படியேற்றியும் விட்டாராம். அதற்குப் பிறகு அவனே அக்காவைத் தனியாக உலாவ விட்டுவிட்டான்.

அக்கா இனி வரமாட்டார். நன்றாக அழுதேன். ஞாயிற்றுக்கிழமை தனியாக வெள்ளவத்தைக்குப் போனேன். குடையை மடக்கி, அக்காவின் பாறையில் என் செருப்பை வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினேன்.