குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனைத் தியேட்டரில் சைக்கிள் ஸ்டாண்டு நடத்தியவர் ஆவுடைத்தாய் அத்தை. எனக்கு உறவில்லை, தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. கணவர் சிவசண்முகம் இருந்தவரை இருவரும் எந்தப் படத்தையும் பாதிப் பாதியாகத்தான் பார்த்தார்கள். பிந்தி வருகிற சைக்கிள்களை அவர் தூக்கி அடுக்குவார். இடைவேளை வரை அத்தை உள்ளே. படம் விடும்போது டோக்கனைப் பார்த்து மளமளவென்று வண்டியை எடுத்துக் கொடுக்க அத்தையால்தான் முடியும். அதனால் பின்பாதி அவருக்கு. வீட்டில் சாப்பிடும்போது ஆளுக்கொரு பாதியைச் சொல்லிக்கொள்வார்கள்.

அவர் இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. 1995. வடக்கே ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்திருந்த நான், வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பகலெல்லாம் அத்தையோடுதான் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் பழைய வாள்சண்டைப் படம் ஒன்று மறுபடி வந்தது. பாக்தாத் அரண்மனை, சிறைப்பட்ட இளவரசி, பறக்கும் கம்பளம்.

"அதுல ஒரு வேலைக்காரி வருவா," என்றார் அத்தை. "கதாநாயகன் மதிலேறிக் குதிப்பான். இவ வெளிய குதிரையப் பிடிச்சிட்டு நிப்பா. அதோட இடைவேளை விட்டுட்டான். கடைசில அவளையும் கம்பளத்துல ஏத்திக்கிட்டுப் போனான்னு எங்க வீட்டுக்காரவுக சொன்னாவ. அத ஒரு தடவ கண்ணால பாத்திரணும்."

"போயிட்டு வாங்க அத்தை. நான் பாத்துக்கிடுதேன்."

"நீயா? நேத்து ஒன் சைக்கிளையே தேடிக்கிட்டு நின்னியேட்டி."

ஆனாலும் மறுநாள் மேட்னியில், இடைவேளை மணி அடித்ததும் டோக்கன் டப்பாவை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

படம் விட்டதும் கூட்டம் என்மேல் சரிந்தது. "என் வண்டிக்கு கேரியர் உண்டும்மா, இது யாருது?" என்று ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது அத்தை வந்து சேர்ந்தார். பத்தே நிமிஷத்தில் ஸ்டாண்டு காலி.

"ஏத்திக்கிட்டானா அத்தை?"

"எங்க? இளவரசிய மட்டும் கூட்டிட்டுப் பறந்துட்டான். குதிரைக்காரியப் பெறவு காட்டவே இல்ல."

ஏன்தான் அனுப்பினோமோ என்றிருந்தது எனக்கு. அத்தை டோக்கன்களை ஒவ்வொன்றாகக் கம்பியில் கோத்தார். பாதியில் கை நின்றது.

"அப்ப எங்க வீட்டுக்காரவுகளாத்தான் அவளக் கம்பளத்துல ஏத்தி விட்டிருக்காவ."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று உடனே தெரியவில்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"அடுத்த வாரமும் பழைய படம்தான். அதையும் போய்ப் பாருங்க, நான் நிக்கேன்," என்றேன்.

"வேண்டாம்ட்டி," என்றார் அத்தை. "மத்ததெல்லாம் அவுக சொன்னபடியே இருக்கட்டும்."