இளஞ்சிவப்புப் பிடி

பக்கத்து ஊரில் ஒருத்தி முதல் தோட்டாவைச் சுட்டதுமே துப்பாக்கி எகிறி வந்து நெற்றியைப் பிளந்துவிட்டதாம், ஆறு தையலாம். ஆஸ்பத்திரி கேன்டீன்காரி தன் மச்சினி சொன்னதாகக் காவலாளி டார்னெலிடம் சொல்ல, அவன் அதைச் சூடு ஆறாமல் கார் நிறுத்துமிட வாசலுக்குக் கொண்டுவந்தான்.

"மிஸ் அல்மீடா, சனிக்கிழமை ஹெல்மெட் போட்டுட்டுப் போங்க."

"அந்த ஆறு தையலையும் உன் வாயில போடணும்டா," என்றாள் அல்மீடா.

சொல்லிவிட்டாளே தவிர, அன்று முழுக்க மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

லேக் சார்ல்ஸ் ஊர் வெயிலில் பதினோரு வருடமாக அந்த வாசலில் காவல் நிற்கிறாள். வயது ஐம்பத்திரண்டு. இடது முழங்கால் போய்விட்டது. அவசரப் பிரிவு வாசலில் நாற்காலியும் ஏ.சி.யுமாக ஓர் இடம் காலியாகியிருந்தது. அங்கே உட்காருபவர் இடுப்பில் துப்பாக்கி இருக்க வேண்டும். சனிக்கிழமை சுடும் தேர்வில் அறுபது தோட்டாவுக்கு நாற்பத்தைந்து இலக்கில் பட வேண்டும். தேர்வில் எந்தத் துப்பாக்கியால் சுடுகிறாரோ அதையே பிறகு வேலையிலும் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது கம்பெனி விதி.

கேள்விப்பட்ட அன்றே கணவன் வில்பர்ட் ஒன்று வாங்கி வந்துவிட்டான். உள்ளங்கையில் ஒளிந்துகொள்ளும் அளவு, இளஞ்சிவப்புப் பிடி.

"சின்னக் கைக்குச் சின்னதுதான் கண்ணு. கடைக்காரனும் அதான் சொன்னான்."

அந்த ஊர் ஆண்கள் மனைவிக்கு அப்படித்தான் வாங்குவார்கள். தாங்கள் ஒரு தடவைகூடச் சுட்டுப் பார்ப்பதில்லை. வில்பர்ட் அதைப் படம் பிடித்துச் சர்ச்சில் பாதிப் பேருக்குக் காட்டியாகிவிட்டது.

வியாழக்கிழமை பயிற்சியில் அறுபதுக்கு முப்பத்தொன்று. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை கன்றிப்போயிற்று. சுண்டுவிரலுக்குப் பிடியில் இடமே இல்லை, காற்றில் தொங்கியது. மறுபடி தோட்டா நிரப்பிக் கொடுத்தாள், பயிற்சி தரும் ட்ரினா. அல்மீடாவின் மகள் வயதுதான் இருக்கும். மூன்றாவது தடவை விசையை அழுத்தியபோது வெடிக்கவில்லை. ஆனாலும் குழல் கீழே குனிந்தது.

"பாத்தீங்களா? வெடிக்கவே இல்ல, நீங்களே குனிஞ்சுட்டீங்க. துப்பாக்கி உதைக்கும்னு முன்னாடியே பயப்படுறீங்க."

"ஏன் வெடிக்கல?"

"நடுவுல ஒரு பொய்த் தோட்டா போட்டேன்."

"அடிப் பாவி."

"இத யாரு வாங்கிக் குடுத்தா?"

"எங்க வீட்டுக்காரர்."

"உங்க பேர்ல பெரிய இன்சூரன்ஸ் ஏதும் எடுத்து வச்சிருக்காரா?"

அல்மீடா சிரித்தாள். ட்ரினா எஃகுத் துப்பாக்கி ஒன்றை நீட்டினாள். கை தாழ்ந்தது.

"அம்மாடி, என்னா கனம்!"

"கனமான துப்பாக்கி உதையைத் தானே வாங்கிக்கும். சின்னது எங்க கொண்டுபோய் வைக்கும்? உங்க கையிலதான். கம்பெனிலயே இது இருக்கு. கனம்னு யாரும் கேக்குறதில்ல."

ஐந்து விரலும் பிடியில் உட்கார்ந்தன. இடது கட்டைவிரலைப் பின்னால் குறுக்கே போடாமல், வலது கட்டைவிரலை ஒட்டி முன்னால் நீட்டச் சொன்னாள் ட்ரினா. சுட்டபோது யாரோ வழி கேட்டுத் தோளைத் தள்ளியது போலத்தான் இருந்தது. அறுபதுக்கு நாற்பத்தொன்பது.

வீட்டில் வில்பர்ட், "எப்படி நம்ம குட்டித் துப்பாக்கி?" என்றான். "நல்லாருக்கு," என்றாள்.

சனிக்கிழமை தேர்வு மேசையில் படிவம் கொடுத்தார்கள். எந்தத் துப்பாக்கி என்ற கட்டத்தில் பேனா நின்றது. சின்னது கைப்பைக்குள் பெட்டியோடு இருந்தது. எஃகுத் துப்பாக்கியின் எண்ணை எழுதினால் நாளை முதல் தினமும் அது இடுப்பில் தெரியும். வில்பர்ட் கேட்பான், சர்ச்சில் மற்றவர்களும் கேட்பார்கள். வெளியே வெயிலைப் பார்த்தாள். எஃகின் எண்ணைத் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கைப்பையில் போன் அடித்தது. எடுத்து மேசைமேல் வைத்தாள், திரையில் வில்பர்ட்.

"எடுக்கலியா மிஸ் அல்மீடா?" என்றாள் ட்ரினா.

"எடுத்தா என்ன சொல்றது?"

காதுகளை மூடும் கவசத்தை மாட்டிக்கொண்டு தன் இடத்துக்கு நடந்தாள். மேசைமேல் போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.